கசாப்புக்காரனுக்காக ஒரு கண்ணீர்

கொலைகாரன் என்றால் எப்படி இருப்பான்?

சினிமா பார்த்துப் பழகியவர்களைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். சிவந்த கண்கள், முறுக்கு மீசை, கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அவன் திரையில் தோன்றியதும் வாத்தியங்கள் அலறும். முன் வரிசையில் இருக்கும் குழந்தை தாயின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

1970-ம் ஆண்டு வெளிவந்த ஒரு பிரெஞ்சுப் படத்தில் வரும் கொலைகாரன் அப்படிப்பட்டவன் அல்ல. ஒரு கல்யாண விருந்தில்தான் அவனை முதன் முதலாகப் பார்க்கிறோம். வறுத்த இறைச்சியைத் தன் கையாலேயே அரிந்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு நல்ல துண்டாகப் பார்த்து வைக்கிறான். வேடிக்கையாகப் பேசுகிறான். விருந்து முடிந்ததும் அவளை வீடு வரை கொண்டுபோய் விடுகிறான். 'அடடா, நல்ல மனிதன்!' என்று தோன்றுகிறது.

அங்கேதான் டைரக்டர் பார்ப்பவரைப் பிடித்துவிடுகிறார். பிறகு கடைசி வரையில் அவர் விடுவதில்லை.

படத்தின் பெயர் 'லெ பூஷே'. 'கசாப்புக்காரன்' என்று பொருள். டைரக்டர் குளோத் சப்ரோல். பிரெஞ்சு சினிமாவில் 'புதிய அலை' என்று ஒரு கோஷ்டி கிளம்பியதே, அதில் முதலில் வந்தவர்களில் ஒருவர். 1930-ல் பிறந்து 2010-ல் காலமானார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் எடுத்த படங்களில் எது சிறந்தது என்ற பேச்சு எழுந்தால், இந்தப் படத்தின் பெயர் வராமல் இருப்பதில்லை.

ஆனால் இந்தப் படத்தைப் பற்றி இரண்டு புகார்கள் உண்டு. 'படம் ஆமை வேகத்தில் நகர்கிறது' என்பது ஒன்று. 'பல பெண்களைக் கொன்றவன் மேல் இரக்கம் வரும்படி எடுத்திருக்கிறாரே, இது நியாயமா?' என்பது மற்றொன்று. முதல் புகாருக்குப் பதில் சொன்னால், இரண்டாவதற்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதி அவ்வளவு சுலபமில்லை.

ஒரு கிராமம்

கதை நடக்கும் ஊர் திரெமோலா. தென்மேற்குப் பிரான்சில் தோர்தோன் ஆற்றங்கரையில் உள்ள சின்னஞ்சிறு கிராமம். கற்பனை ஊர் அல்ல. படத்தை அங்கேயே போய் எடுத்தார்கள். ஊர் ஜனங்களே படத்தில் வருகிறார்கள். கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தாலே தெரியும், அவர்கள் நடிக்கவில்லை, நிஜமாகவே சாப்பிடுகிறார்கள் என்று!

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை எலேன். பாரிஸிலிருந்து வந்தவள். பள்ளிக்கூடத்துக்கு மேல் மாடியிலேயே குடியிருக்கிறாள். கெட்டிக்காரி, பிள்ளைகளிடம் உயிராக இருப்பவள். பல ஆண்டுகளுக்கு முன் ஒருவனைக் காதலித்து மனம் உடைந்தவள். அந்த வேதனை இன்னொரு முறை வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். இந்த வேஷத்தில் நடித்தவர் ஸ்டெபான் ஓட்ரான். அப்போது அவர் சப்ரோலின் மனைவி.

கசாப்புக் கடைக்காரன் போபோலாக நடித்தவர் ஜான் யான். அழகன் என்று சொல்லும்படியான முகம் அல்ல. உருண்டை முகம், கனத்த உடம்பு, கொஞ்சம் கூச்சம். பதினைந்து ஆண்டுகள் பட்டாளத்தில் இருந்துவிட்டு, தகப்பன் நடத்திய கடையை எடுத்து நடத்த ஊருக்குத் திரும்பியவன். தகப்பனை அவனுக்குப் பிடிக்காது. அந்த ஆளிடமிருந்து தப்பிக்கத்தான் பட்டாளத்தில் சேர்ந்தேன் என்கிறான்.

இருவருக்கும் சிநேகம் ஏற்படுகிறது. ஒரு நாள் அவன் பள்ளிக்கூடத்துக்கு வருகிறான். கையில் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலம். பூச்செண்டு நீட்டுகிற தோரணையில் அவளிடம் நீட்டுகிறான். உள்ளே இருப்பது ஆட்டுத் தொடை! சிரிப்பு வருகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால், தன்னிடம் இருக்கும் மிக உயர்ந்த பொருளை அல்லவா அவன் கொண்டுவந்திருக்கிறான்! பூக்கடைக்காரன் பூ கொடுப்பான். கசாப்புக்காரன் வேறு எதைக் கொடுப்பான்?

காட்டில் காளான் பறிக்கப் போகும்போது, 'ஏன் நீங்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை?' என்று அவன் கேட்கிறான். அவள் தன் பழைய கதையைச் சொல்கிறாள். முத்தம் கொடுத்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்கிறான். வேண்டாம் என்று மென்மையாக மறுத்துவிடுகிறாள். அவன் வற்புறுத்துவதில்லை. கடைசி வரையில் மரியாதை குறையாமல் 'மத்மவாசேல் எலேன்' என்றுதான் கூப்பிடுகிறான். அந்த 'மத்மவாசேல்' ஒரு நாளும் உதிர்வதில்லை.

அவள் அவனுக்கு ஒரு சிகரெட் லைட்டரைப் பரிசாகக் கொடுக்கிறாள். அந்த லைட்டரை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த மெதுவான நடை?

இதற்கிடையில் பக்கத்துக் காட்டில் ஒரு பெண் கொலையுண்டு கிடக்கிறாள் என்ற செய்தி ஊருக்குள் வருகிறது. அதுவும் பேச்சோடு பேச்சாக வருகிறது. கத்தியைக் காட்டவில்லை, அலறலைக் கேட்கவில்லை. படம் முழுவதும் ஒரு கொலை கூடத் திரையில் நடப்பதில்லை. கோவில் மணி நேரம் தவறாமல் அடிக்கிறது. பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். கடையில் பெண்கள் இறைச்சிக்குக் காத்து நிற்கிறார்கள்.

அவசரக்கார ரசிகர் இந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்க்கிறார். 'கதை எப்போது ஆரம்பிக்கும்?' என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார். கதை ஆரம்பித்து வெகு நேரமாயிற்று என்பது அவருக்குத் தெரியவில்லை!

ஒரு மனிதனை நமக்குப் பிடித்துப்போவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது? அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் நல்லவர் என்று முதல் நாளே யாரும் சொல்வதில்லை. நாலு நாள் சேர்ந்து நடக்க வேண்டும். ஒரு வேளை சேர்ந்து சாப்பிட வேண்டும். பேச ஒன்றும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கல்யாண விருந்து முடிந்து எலேனும் போபோலும் ஊர் நடுவே நடந்து வரும் காட்சியை சப்ரோல் எங்கும் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்திருக்கிறார். நடக்கிறார்கள், பேசுகிறார்கள், அவள் சிகரெட் பற்ற வைக்கிறாள், தெருவில் புகைக்கிறீர்களே என்று அவன் சொல்கிறான். வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நடை முடிவதற்குள் பார்ப்பவரும் அவர்களோடு கூடவே நடந்து வந்துவிட்டார். மூன்றாவது ஆளாகச் சிநேகத்தில் சேர்ந்துவிட்டார்.

வேகமான படம் கொலைகாரனைக் கண்டுபிடிக்க வைக்கும். இந்தப் படம் அவனோடு பழக வைக்கிறது. அதற்கு நேரம் வேண்டும். படம் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் அதிகம். மூன்று மணி நேரப் படங்களைச் சளைக்காமல் பார்க்கும் ஜனங்கள் இதை நீளம் என்று சொல்வது வேடிக்கைதான்.

ரொட்டியில் விழுந்த துளி

இனி, இந்தப் படம் பார்த்த எவரும் மறக்க முடியாத கட்டம்.

அந்தப் பக்கத்தில் கூன்யாக் என்ற இடத்தில் குகைகள் இருக்கின்றன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதர்கள் பாறைச் சுவரில் மிருகங்களின் படங்களைத் தீட்டிவைத்த குகைகள். எலேன் தன் மாணவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போகிறாள். ஆதி மனிதர்களைப் பற்றியும், அவர்கள் ஆசைகளைப் பற்றியும், அந்த ஆசைகள் நாகரிகம் அடைந்ததைப் பற்றியும் பாடம் சொல்கிறாள். நாகரிகத்தில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை!

வெளியே வந்ததும் பிள்ளைகள் ஒரு பாறைச் சரிவின் அடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒரு சிறுமி ரொட்டியைக் கையில் பிடித்திருக்கிறாள். மேலேயிருந்து ஒரு துளி விழுகிறது. மழை வருகிறது என்று குழந்தை நினைக்கிறது.

மழை இல்லை. ரத்தம்.

எலேன் மேலே ஏறிப் பார்க்கிறாள். ஒரு பெண்ணின் பிணம். யார் அவள்? படத்தின் தொடக்கத்தில் கல்யாணக் கோலத்தில் உட்கார்ந்திருந்தாளே, அந்த மணப்பெண்! எலேனோடு அதே பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியரின் மனைவி. பக்கத்தில் ஒரு சிகரெட் லைட்டர் கிடக்கிறது. எலேன் பரிசாகக் கொடுத்ததே, அதே மாதிரி லைட்டர்.

இப்போது அவள் என்ன செய்ய வேண்டும்? போலீஸ் இன்ஸ்பெக்டர் வருகிறார், கேள்வி கேட்கிறார். லைட்டரை எடுத்து அவரிடம் கொடுக்க வேண்டியதுதானே? படித்த பெண், ஊருக்கே வழிகாட்ட வேண்டிய ஆசிரியை. ஆனாலும் அவள் கொடுக்கவில்லை. மறைத்து வைக்கிறாள்.

நீதி தவறியது எலேன் மட்டுமா? அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் அந்த நிமிஷத்தில் 'கொடுக்காதே' என்றுதான் மனதுக்குள் சொல்கிறார்கள். ஆட்டுத் தொடையைப் பூச்செண்டு போல நீட்டியவன் அல்லவா! அவனாக இருக்காது. இருக்கக்கூடாது. முக்கால் மணி நேரம் மெதுவாக நடந்த நடைக்கு சப்ரோல் இங்கே கணக்குக் கேட்கிறார். 'ஒருவனைப் பிடித்துப்போனால் எவ்வளவு தூரம் கண்ணை மூடிக்கொள்வாய்?' என்பதுதான் அவர் கேள்வி.

இன்னொரு நாள் இரவு போபோல் அவள் வீட்டுக்கு வருகிறான். சாராயத்தில் ஊறவைத்த செர்ரிப் பழம் கொண்டுவருகிறான். அவள் சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு நெருப்புக் கேட்கிறாள். கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்! அவன் சட்டைப் பையில் கைவிடுகிறான். லைட்டரை எடுக்கிறான். அதே லைட்டர்!

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்குகின்றன. 'அப்பாடா' என்று பெருமூச்சு விடுகிறாள். பார்ப்பவரும் பெருமூச்சு விடுகிறார். அவன் அதே மாதிரி இன்னொரு லைட்டர் வாங்கி வைத்துக்கொண்டான் என்பது பிறகுதான் விளங்குகிறது. ஸ்டெபான் ஓட்ரானுக்கு ஸ்பெயினில் நடந்த சான் செபாஸ்டியன் பட விழாவில் இந்த வேஷத்துக்காகச் சிறந்த நடிகைப் பரிசு கிடைத்தது. அந்தச் சிரிப்புக்கும் அழுகைக்கும் மட்டுமே கொடுத்திருந்தாலும் தகும்.

யுத்தத்தில் கற்ற தொழில்

போபோல் ஏன் கொல்கிறான்? படம் விளக்கம் சொல்வதில்லை. கோர்ட்டு இல்லை, வக்கீல் இல்லை, மனோதத்துவ டாக்டர் வந்து பிரசங்கம் செய்வதும் இல்லை. ஆனால் அவன் பேச்சில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. இந்தோ-சீனா, அல்ஜீரியா, அங்கே பார்த்த பிணங்கள், ரத்தத்தின் வாடை.

1946 முதல் 1954 வரை இந்தோ-சீனாவிலும், 1954 முதல் 1962 வரை அல்ஜீரியாவிலும் பிரான்ஸ் யுத்தம் செய்தது. இரண்டிலும் தோற்றது. (புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோ-சீனாவுக்குப் போன 'சொல்தா'க்கள் அங்கே உண்டு.) அல்ஜீரியாவில் நடந்தது யுத்தம் என்று சொல்லவே பிரெஞ்சு சர்க்கார் வெகுகாலம் மறுத்து வந்தது. 'ஒழுங்கை நிலைநாட்டும் நடவடிக்கை' என்றார்கள். 1999-ம் ஆண்டு அக்டோபரில்தான் ஒரு சட்டம் போட்டு 'அல்ஜீரிய யுத்தம்' என்ற பெயரை ஒப்புக்கொண்டார்கள்! அதற்கு முன் சினிமாக்காரர்கள் வாயைத் திறந்தால் தணிக்கைக் கத்தி பாய்ந்தது. கோதார் 1960-ல் எடுத்த 'சின்னச் சிப்பாய்' என்ற படம் யுத்தம் முடிந்து 1963-ல்தான் வெளிவர முடிந்தது.

சப்ரோல் யுத்தத்தைக் காட்டவில்லை. யுத்தத்திலிருந்து திரும்பி வந்தவனைக் காட்டினார். பதினைந்து ஆண்டுகள் ஒருவனுக்குக் கொல்லப் பழக்கிவிட்டு, 'போதும், ஊருக்குப் போய்க் கடையைப் பார்' என்று அனுப்பினார்கள். ஊரும் அவனை விருந்துக்கு அழைத்து, இறைச்சியை அரியச் சொல்லி, கத்தியைக் கையில் கொடுத்தது. காட்டில் கொலை நடந்தபோது யாரும் அவனைச் சந்தேகிக்கவில்லை.

இதைச் சாக்காகச் சொல்வதானால் தவறு. அந்த யுத்தங்களுக்குப் போய்த் திரும்பிய லட்சக்கணக்கான சிப்பாய்கள் யாரையும் கொல்லாமல் உழுது பிழைத்தார்கள். சப்ரோலும் இதைச் சாக்காகச் சொல்லவில்லை. ஒரு சங்கதியாக வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

சார்லி சாப்ளின் வேறு விதமாகச் செய்தார். 1947-ல் வந்த அவருடைய 'மான்சியர் வெர்டூ' படத்திலும் கதாநாயகன் கொலைகாரன்தான். பணக்காரப் பெண்களைக் கல்யாணம் செய்து கொல்பவன். ஆனால் தரையில் ஊரும் புழுவை மிதித்துவிடக்கூடாதே என்று எடுத்து ஓரமாக விடுபவன்! அவன் கோர்ட்டில் நின்று, யுத்தத்தில் கூட்டம் கூட்டமாகக் கொல்பவர்களோடு ஒப்பிட்டால் நான் எம்மாத்திரம் என்று வாதாடுகிறான். சாமர்த்தியமான வாதம்தான். ஆனால் செத்த பெண்களை அந்த வாதம் ஒரு மூலையில் தள்ளிவிடுகிறது. போபோல் அப்படி வாதாடுவதில்லை. அவனுக்குத் தன் செயலுக்கு வார்த்தையே கிடைப்பதில்லை.

வெர்டூவுக்கு மூலம் லாந்ரு என்ற நிஜக் கொலைகாரன். முதல் உலக யுத்த காலத்தில் பத்திரிகையில் 'மணமகள் தேவை' விளம்பரம் கொடுத்து, வந்த பெண்களில் பத்துப் பேரையும், ஒருத்தியின் மகனையும் கொன்றவன் என்று தீர்ப்பாகி, 1922 பிப்ரவரியில் வெர்சாயில் கில்லட்டின் இயந்திரத்தில் தலை போனவன். அவன் கதையை சப்ரோலும் 1963-ல் படமாக எடுத்தார். அதைப் பார்த்துவிட்டு, லாந்ருவோடு வாழ்ந்து உயிர் தப்பிய பெண்மணி, தன்னை எப்படிக் காட்டலாம் என்று வழக்கே போட்டார்! நிஜக் கொலைகாரனைக் கவர்ச்சியாகக் காட்டினால் அந்தக் கவர்ச்சிக்கு விலை கொடுப்பவர்கள் எங்காவது உயிரோடு இருக்கிறார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து 'கசாப்புக்காரன்' எடுத்தபோது சப்ரோல் கற்பனை மனிதனை எடுத்துக்கொண்டது நல்லதாயிற்று.

குற்றம் யாருடையது?

இந்தப் படத்தைப் புகழ்பவர்களில் சிலர் ஒரு கருத்துச் சொல்வதுண்டு. எலேன் அவன் காதலை ஏற்றுக்கொண்டிருந்தால் அவன் கொன்றிருக்க மாட்டான்; அவளுடைய குளிர்ந்த மனம்தான் அவனைக் கெடுத்தது என்பார்கள்.

இது சுத்த அநியாயம். ஒரு பெண் முத்தம் வேண்டாம் என்று சொன்னால் அது அவள் உரிமை. அதற்காக ஊரில் உள்ள வேறு பெண்கள் சாக வேண்டுமா? ஆண்பிள்ளை செய்த குற்றத்துக்குப் பெண்ணின் மனதைச் சோதனை போடும் வழக்கம் பழையது. எந்த நாட்டிலும் உண்டு. கத்தியை எடுத்தவன் போபோல். எலேன் அவனுக்கு நல்ல சிநேகிதியாக இருந்தாள், பரிசு கொடுத்தாள், பிள்ளைகளின் நாட்டியத்துக்குக் கூட அவனைச் சேர்த்துக்கொண்டாள். அவள் செய்த ஒரே பிழை லைட்டரை ஒளித்தது. அந்தப் பிழைக்கு அன்புதான் காரணம். அன்புக்காகச் செய்தாலும் பிழை பிழையே. ஒளித்து வைத்த நாட்களில் அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஆபத்தில் இருந்தார்கள் அல்லவா?

படத்தின் மீது சொல்ல வேண்டிய நிஜமான குறை வேறு. செத்துப்போன பெண்கள் யார்? முதலில் கொல்லப்பட்டவளின் முகத்தைக் கூட நாம் பார்க்கவில்லை. மணப்பெண் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறோம். அவளும் என்ன பேசினாள் என்று நினைவில்லை. போபோலின் கூச்சம், போபோலின் சிரிப்பு, போபோலின் பட்டாளத்துக் கதை எல்லாவற்றுக்கும் சப்ரோலிடம் நேரம் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு இல்லை. கொலைகாரன் மேல் பிரியம் வரவைக்க வேண்டுமானால், கொலையுண்டவர்களைத் தூரத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. எவ்வளவு பெரிய கலைஞரானாலும் இந்தத் தந்திரத்தை விட முடியவில்லை.

ஆனால் அவர்களை அவர் அடியோடு மறந்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. மணப்பெண்ணின் சவ ஊர்வலம் மழையில் போகிறது. கல்யாணத்துக்கு வந்த அதே ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அந்த ஊர்வலத்தை அவர் அவசரப்படாமல் காட்டுகிறார். கல்யாணத்துக்குக் கொடுத்த நிதானத்தைச் சாவுக்கும் கொடுக்கிறார்.

சிவப்பு விளக்கு

போபோல் எலேனின் வீட்டுக்கு வெள்ளையடிக்க வருகிறான். மேஜை அறையில் லைட்டரைக் கண்டுவிடுகிறான். எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். இப்போது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

அன்று இரவு வருகிறான். அவள் பள்ளிக்கூடத்தின் கதவுகளை ஒவ்வொன்றாக ஓடி ஓடிச் சாத்துகிறாள். ஒரு கதவு விட்டுப்போய்விடுகிறது. உள்ளே வந்து நிற்கிறான். கையில் கத்தி.

வழக்கமான படமாக இருந்தால் இங்கே போலீஸ் ஜீப் வரும். இந்தப் படத்தில் அவன் கத்தியைத் தன் வயிற்றிலேயே செலுத்திக்கொள்கிறான்.

எலேன் அவனை விட்டு ஓடவில்லை. காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறாள். இருட்டு. சாலையோர மரங்கள் விளக்கு வெளிச்சத்தில் வந்து வந்து மறைகின்றன. அவன் பேசிக்கொண்டே வருகிறான். உங்களைத்தான் நேசித்தேன் என்கிறான். இந்தப் பயணத்தையும் சப்ரோல் அவசரப்படுத்தவில்லை. உயிர் போய்க்கொண்டிருக்கும் மனிதனோடு காரில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நீளமாக இருக்குமோ அவ்வளவு நீளம். ஆஸ்பத்திரியில், லிப்ட் அருகில், ஒரு முத்தம் கேட்கிறான். காளான் காட்டில் மறுத்தவள் இப்போது கொடுக்கிறாள்.

அது காதலா, இரக்கமா, பயம் தெளிந்த நிம்மதியா? ஓட்ரானின் முகம் எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை. சொல்லிக் கொடுத்திருந்தால் இந்த முத்தம் சாதாரண முத்தமாகப் போயிருக்கும்.

லிப்ட் மேலே போகிறது. கீழே நிற்கும் அவள், பொத்தானுக்குப் பக்கத்தில் எரியும் சிறு சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது மினுக் மினுக்கென்று துடிக்கிறது. பிறகு அணைந்துவிடுகிறது. டாக்டர் வந்து சொல்ல வேண்டியதே இல்லை.

அந்த ஆண்டுகளில் பிரான்சில் மரண தண்டனை இருந்தது. கில்லட்டின் கடைசியாக வேலை செய்தது 1977-ல். 1981-ல்தான் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். போபோல் பிடிபட்டிருந்தால் அந்த இயந்திரத்தின் கீழ் போயிருக்கக் கூடும். அவனைத் தானே சாக விட்டதன் மூலம் சப்ரோல் நீதிபதியின் வேலையைப் பார்ப்பவருக்கும் கொடுக்கவில்லை, தானும் எடுத்துக்கொள்ளவில்லை. 'தப்பித்துக்கொண்டார்' என்று சொல்பவர்கள் சொல்லட்டும். தண்டனை கிடைத்துவிட்டது என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போக விடாததுதான் அவர் செய்த காரியம்.

எலேன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போவதில்லை. ஆற்றங்கரையில் காரை நிறுத்திவிட்டு, விடியும் வரையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அரங்கத்தில் அழுதவர்களும் உண்டு. பல பெண்களைக் கொன்ற ஒருவனுக்காகத்தான் அழுதோம் என்று அவர்களுக்கு வெளியே வந்த பிறகே உறைத்திருக்கும்.

இந்தப் படத்தை இரண்டாவது முறை பார்ப்பது நல்லது. முதல் காட்சியிலேயே ஒரு வித்தியாசம் தெரியும். முதல் தடவை போபோலையும் எலேனையுமே கண் பின்தொடர்ந்தது. இரண்டாவது தடவை கண் தானாகவே மணப்பெண்ணின் பக்கம் போகிறது. வெள்ளை உடுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் ஊர் ஜனங்கள் ஆடிப் பாடுகிறார்கள். அவளுடைய கல்யாண விருந்துக்கு இறைச்சி அரிந்துகொண்டிருப்பவன் போபோல்.